ஓட்டை போட்ட சஹன்கள்

கோலாலம்பூரில் இருந்து திருச்சிக்கு வரும் விமானத்தில் மனிதர்களைவிட பிஸ்கட் டின்கள்தான் அதிகம். பக்கத்து இருக்கைக்காரர் மடியில் ஒன்று, காலடியில் ஒன்று, தலைக்கு மேலே இரண்டு என்று அடுக்கிக்கொண்டு, "இதெல்லாம் நம்ம ஊர்ல கிடைக்காதுங்க" என்றார். கிடைக்கும். அவர் வீட்டுத் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். நான் சொல்லவில்லை, என் பையிலும் இரண்டு டின் இருந்தது.

சக்கரம் தரையைத் தொட்டதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பணிப்பெண் மலாயில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம், கடைசியில் கைகூப்பி ஒரு தரம் உட்காரச் சொன்னாள். "திருச்சி போற விமானத்துல வேலை போட்டா எனக்குத் தனிச் சம்பளம் தரணும்" என்று அவள் தோழியிடம் மலாயில் முணுமுணுத்தது எனக்கு மட்டும் புரிந்தது. அந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். மலாயில் முணுமுணுக்கிறவர்களைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது.

நான் வந்தது இம்தியாஸ் கூப்பிட்டதால். இம்தியாஸ் என் பெரியம்மாவின் மகன். துபாயில் பெரிய பெரிய கட்டடங்களுக்கு ஏசி பொருத்தி நன்றாக வந்தவன். அம்மாவின் அத்தா, என் பாட்டனார், கட்டிய பழைய வீடு பாலக்கரைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. அதை எடுத்துப் புதுப்பித்து முடித்திருந்தான். ரபியுல் ஆகிர் மாதத்தில் அந்த வீட்டில் பெரியவர்கள் பேரில் பாத்திஹா ஓதி, சொந்தபந்தத்தை உட்காரவைத்து நெய்ச்சோறு போடுவது எங்கள் குடும்ப வழக்கம். வேலை நடந்ததால் இரண்டு வருஷம் அது நின்றுபோயிருந்தது. இந்த வருஷம் ஐப்பசி மழையோடு சேர்ந்து அந்த மாதம் வந்தது. வாட்ஸாப்பில் தங்க எழுத்தில் அழைப்பு வந்தது, கீழே 'வெளிர் நிற உடையில் வரவும்' என்ற குறிப்போடு. பாத்திஹாவுக்கு நிறம் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் எங்கள் இம்தியாஸாகத்தான் இருக்கும்.

விமான நிலைய வாசலில் செயலியில் பதிவு செய்த கார் வருகிறேன் வருகிறேன் என்று ஒரே இடத்தில் நின்றது, பிறகு காணாமலே போனது. மழை. ஆட்டோவில் ஏறினேன்.

"எங்கம்மா போகணும்?"

"பாலக்கரை. 'தி டேனர்ஸ் ஹவுஸ்'."

"ஆஸ்பத்திரிங்களா?"

"வீடுங்க."

"அப்படி ஒரு வீடு பாலக்கரையில இல்லீங்களே."

இம்தியாஸ் அனுப்பிய இடக்குறியை நம்பிப் போனோம். அது ஒரு பரோட்டாக் கடையின் பின்வாசலில் கொண்டுபோய் விட்டது. கடைக்காரர் மைதா ஒட்டிய கையோடு வெளியே வந்து பார்த்தார். "தோல்மண்டி வீடு" என்றேன் நான். ஆட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அத மொதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் டீ குடிச்சிருப்பீங்க."

பாட்டனார் பச்சைத்தோல் வியாபாரி. அந்தத் தெருவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் வைத்த பெயர்தான் தோல்மண்டி வீடு. அம்மாவும் அவள் உடன்பிறந்தவர்களும் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயருக்காக அழுதிருக்கிறார்கள். இப்போது அதையே ஆங்கிலத்தில் பித்தளை எழுத்தில் வாசலில் பதித்திருக்கிறான். ஆங்கிலத்தில் நாற்றம் கிடையாது போல.

உள்ளே நுழைந்ததும் ஊறுகாய் பாட்டிலில் நன்னாரி சர்பத் கொடுத்தார்கள். டம்ளர்கள் இருந்த வீடு அது, நூறு பேருக்கு இருந்தது. "இதுதான் ராத்தா இப்ப ஸ்டைலு" என்றான் இம்தியாஸ். எங்கள் பக்கம் அக்காதான் ராத்தா. உறிஞ்சிக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சிவப்புச் சிமெண்டுத் தரை போய்விட்டது, செட்டிநாட்டுப் பூக்கல் வந்திருக்கிறது. ஊஞ்சல் கேரளத்தில் இருந்து. கதவு ராஜஸ்தானில் இருந்து. சுவரின் சுண்ணாம்புப் பூச்சை உரித்து, செங்கல்லைப் பல்லிளிக்க விட்டிருந்தார்கள். பாட்டனார் காலத்தில் பூச்சு விழுந்து செங்கல் தெரிந்தால் வீட்டுக்குத் தரித்திரம் என்று கொத்தனாருக்கு ஆள் அனுப்புவார்கள்.

"எல்லாம் ஒரிஜினலா மீட்டெடுத்திருக்கோம்" என்றான்.

"கதவு எங்க வீட்டுதா?"

"அது... அந்தக் காலத்துது."

பெங்களூரில் இருந்து ஒரு வடிவமைப்பாளப் பெண் வந்து செய்தாளாம். எதைக் கேட்டாலும் அவள் பெயரைச் சொன்னான். குளியலறையில் அவள் வைத்த கண்ணாடிக் கைகழுவும் தொட்டி நெஞ்சு உயரத்தில் நின்றது. தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யக் காலைத் தூக்கி அதில் வைக்கச் சர்க்கஸில் வேலை பார்த்திருக்க வேண்டும். அஸர் தொழுகை நேரத்துக்குப் பெரியம்மாவைத் தேடினால், கொல்லையில் மழைநீர் விழும் குழாயடியில் குந்தி உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கோடிக்கணக்கில் கொட்டிய வீட்டில் வீட்டுக்கு மூத்தவள் தகரக் குழாயில் ஒளு செய்கிறாள்.

"சளி பிடிக்கும் பெரியம்மா."

"பிடிக்கட்டும். உள்ள நின்னா வழுக்குது" என்றாள்.

பெரியம்மா ஜுலைகாவுக்கு எண்பதை ஒட்டிய வயது. மகன் முகம் பார்த்துப் பேசுகிற ரகம். அவளுக்கு அடுத்தவள் என் அம்மா மைமூன், காலமாகிவிட்டாள். கடைசித் தங்கை மெகருன்னிசா, எனக்குச் சின்னம்மா. பிள்ளைகள் இல்லாமல் கணவனை இழந்து இந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள் அவள்தான். பெற்றவர்களைக் கடைசிவரை பார்த்ததும், ஒழுகுகிற இடத்திலெல்லாம் அண்டாவைப் பிடித்து வைத்து இந்த வீட்டை நிற்க வைத்ததும் அவள்தான். அவளை வீட்டில் காணோம்.

இந்தக் கதை எனக்கு முன்பே தொலைபேசியில் வந்திருந்தது. வேலை தொடங்கும்போது இம்தியாஸ் சின்னம்மாவிடம், ஆறே மாதம், உங்கள் அறை அப்படியே இருக்கும் என்று சொல்லி, ஸ்ரீரங்கத்தில் ஒரு ஃபிளாட்டில் கொண்டுபோய் வைத்தான். பெரியம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் இரண்டு வருஷமானது. வேலை முடிந்தபோது சின்னம்மாவின் அறை 'கேலரி' ஆகிவிட்டது. வீட்டை இனி வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு விடப் போகிறார்கள், அவர்கள் பார்க்க அறையில் பழம்பொருள்கள் வேண்டும். சின்னம்மா ஃபோனில் அக்காவைக் கூப்பிட்டு, "ஒரு வார்த்த கேட்டியா உன் மகன?" என்றாளாம். பெரியம்மா பதில் சொல்லவில்லையாம். "இனி அந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றோடு அக்கா தங்கைக்குள் பேச்சு நின்றது.

கேலரியைப் பார்த்தேன். கட்டில் இருந்த இடத்தில் பாட்டனாரின் தோல் நிறுக்கும் தராசு. அலமாரி இருந்த இடத்தில் அத்தர் குப்பிகள். எதிர்ச் சுவர் முழுக்க சஹன்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்ன விளக்கு. சஹன் என்பது நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடும் பெரிய வட்டத் தட்டு. எங்கள் வீட்டு சஹன்கள் செம்பில் அடித்து உள்ளே ஈயம் பூசியவை. அவற்றைத் துலக்கி மினுக்கிச் சுவரில் ஏற்றியிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சின்னம்மா நாளன்னைக்கு வராங்களா?"

"இன்விடேஷன் அனுப்பியாச்சு ராத்தா. வாட்ஸாப்புல."

"சின்னம்மாகிட்ட பட்டன் ஃபோன்டா."

இம்தியாஸ் தலையைச் சொறிந்தான். "அவங்களுக்கு என்ன குறை ராத்தா? லிஃப்ட் இருக்கு. வாசல்ல செக்யூரிட்டி இருக்கான். மாசா மாசம் சாமான் வாங்கிப் போடுறேன்." கெட்டவன் இல்லை. யாருக்கு எது வேண்டும் என்று அவனே முடிவு செய்து, அதைத் தாராளமாகச் செய்கிறவன். கெட்டவனாக இருந்தால் சண்டை போடலாம்.

மறுநாள் பண்டாரி வந்தார். எங்கள் பக்கத்தில் விருந்துச் சமையல்காரருக்குப் பண்டாரி என்று பெயர். கொல்லையில் அடுப்புக் கூட்டும் இடத்தில் இப்போது கூழாங்கல் பரப்பி மூங்கில் நட்டிருந்தார்கள். "இதுல எப்படிங்க தேக்சா ஏத்துறது?" என்று பெரிய சமையல் அண்டாவோடு அவர் மூங்கிலைப் பார்த்து நின்றார். கடைசியில் சந்திலேயே தகரப் பந்தல் போட்டு அடுப்பு வைத்தார். மழை தாளம் போட்டது.

உள்ளே இம்தியாஸ் வேறு திட்டம் வைத்திருந்தான். மேசை போட்டு வரிசையாகப் பாத்திரம் வைப்பது, ஆளுக்கு ஒரு பீங்கான் தட்டோடு வந்து எடுத்துக்கொள்வது, ஓரத்தில் சுடச்சுட தோசை. பாத்திஹாவில் தோசை! கோலாலம்பூரிலும் கல்யாணத்துக்குப் போனால் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறோம்தான், ஆனால் அதைப் பரம்பரை வழக்கம் என்று யாரும் அங்கே பித்தளையில் எழுதுவதில்லை.

அப்போதுதான் பெரியம்மா வாயைத் திறந்தாள். "சஹன்லதான் போடணும்."

"அம்மா, நாலு பேரு ஒரே தட்டுல... இப்பல்லாம் யாரும்..."

"ஓதுன சோறு. சஹன்லதான் போடணும்" என்றாள் மறுபடி. இரண்டு வருஷத்தில் அவள் மகனிடம் கேட்ட ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். இம்தியாஸ் சிரித்துக்கொண்டு, "சரி, அதுவும் நல்லாத்தான் இருக்கும், ஃபோட்டோவுக்கு" என்றான்.

சுவரில் இருந்து முதல் சஹனை இறக்க ஸ்க்ரூ டிரைவர் கேட்டார்கள். ஆணியில் மாட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு சஹனுக்கும் நட்ட நடுவில் டிரில் போட்டு, பித்தளைத் திருகாணியால் சுவரோடு முடுக்கியிருந்தார்கள். எல்லாவற்றிலும் சுண்டுவிரல் பருமனுக்கு ஓட்டை. எத்தனையோ கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் சோறு போட்ட தட்டுகள், குழியும் நெளிவும் விழுந்தும் ஒழுகாத தட்டுகள். புதுப்பித்தபோதுதான் ஒழுகத் தொடங்கியிருக்கின்றன.

இம்தியாஸ் உடனே பெங்களூரைக் கூப்பிட்டான். அந்தப் பெண் ஆங்கிலத்தில் பேசியது ஸ்பீக்கரில் கேட்டது. "நீங்கள் அதில் உண்மையிலேயே சாப்பிடப் போகிறீர்கள் என்று என்னிடம் யாருமே சொல்லவில்லையே!" அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையாகவே யாரும் சொல்லவில்லை. வீட்டுக்காரன்தான் சொல்லியிருக்க வேண்டும், அவன் அந்தத் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"எம்-சீல் வச்சு அடைச்சுடலாம்" என்றான் இம்தியாஸ். "இல்லன்னா உள்ள வாழை இலை போட்டுக்கலாம்."

"தால்ச்சாவ ஊத்துனா இலைக்கு அடியில ஓடி எல்லார் மடியிலயும் வந்துரும் தம்பி" என்றார் பண்டாரி. வாடகைப் பாத்திரக் கடையில் ஸ்டீல் சஹன் எடுப்பது என்று முடிவானது.

பெரியம்மா ஒரு சஹனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓட்டைக்குள் விரலை விட்டு எடுத்தாள். மகனை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போதாவது திட்டலாமே! பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஒண்ணு மெகருகிட்ட இருக்கு. போறப்ப எடுத்துட்டுப் போனா. அந்த சஹன வாங்கிட்டு வாம்மா" என்றாள். தங்கையை வரச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதனால் தட்டைக் கேட்டாள்.

பாத்திஹா அன்று காலையிலேயே கிளம்பினேன். இம்தியாஸின் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்தேன். சத்திரம் பஸ் நிலையத்தில் ஒரு கூட்டம் ஏறி என்னை ஜன்னலோடு ஒட்டியது. "உள்ள போங்க, உள்ள காலியா இருக்கு" என்றார் நடத்துனர். எங்கே காலி என்று கடைசிவரை தெரியவில்லை. காவிரிப் பாலத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது. எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். திருச்சிக்காரர்கள் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும்தான் வாயை மூடுவார்கள்.

அம்மா மண்டபம் சாலையில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் யானை. ஐப்பசி மாதம் கோயிலுக்குக் காவிரித் தண்ணீர் தங்கக் குடத்தில், யானை மேல் போகிறது. குடை, மேளம் எல்லாம் உண்டு. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்த யானைக்கு இருந்த நிதானத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்த ஊரில் தண்ணீரைக்கூட இவ்வளவு மரியாதையாக வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள்.

சின்னம்மாவின் ஃபிளாட் கொள்ளிடக் கரைப் பக்கம். வாசல் கதவுக்கு மேல் 'சைவம் மட்டும்' என்று ஒட்டியிருந்தது. இம்தியாஸின் நண்பன் ஒருவனுடைய ஃபிளாட், அவன் போட்ட நிபந்தனையாம். மீன் இல்லாமல் சோற்றில் கைவைக்காத ஒரு பெண்பிள்ளையைக் கொண்டுவந்து இங்கே வைத்திருக்கிறான், லிஃப்ட் இருக்கிறது என்பதற்காக.

எதிர்வீட்டுக் கதவு முதலில் திறந்தது. ஈரத் தலையில் துண்டு சுற்றிய ஒரு மாமி. "வாங்கோ, மலேசியா பொண்ணா? மெகரு சொல்லிண்டே இருப்பா. நான் கோமளா. துலா மாசமோன்னோ, இப்பத்தான் ஸ்நானம் பண்ணிட்டு வரேன்." என்னோடு அவளும் உள்ளே வந்து உரிமையோடு உட்கார்ந்தாள்.

சின்னம்மா இளைத்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "என்னடி இப்படிப் பெருத்துட்ட?" என்றாள். பிறகு கத்தரிக்காய்க் கொத்சும் இட்லியும் வைத்தாள். "தின்னு. இங்க கத்தரிக்காதான் நமக்கு விரால் மீனு."

"பெரியம்மா சஹன வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"சஹனையா?" அரிசி டின்னுக்கு மூடியாக இருந்த சஹனை அவள் கண்ணாலேயே காட்டினாள். "எடுத்துட்டுப் போ. நான் வரல."

"உங்களக் கூப்பிடத்தான் அதச் சொல்லி அனுப்பியிருக்காங்க சின்னம்மா."

"கூப்புட வாய் இருக்குல்ல? அன்னைக்கும் வாய் இருந்துச்சு. தொறக்கல."

கோமளா மாமி முன்னால் நகர்ந்தாள். "நான் ஒண்ணு சொல்றேன் மெகரு. பெருமாளே வருஷா வருஷம் ஆத்தத் தாண்டி உறையூர் நாச்சியாரப் பாக்க எழுந்தருள்றார். இங்க தாயார் கோச்சுண்டு கதவச் சாத்தினாலும் திரும்பி வந்து நின்னுதானே சமாதானம் ஆறது? கூடப் பொறந்தவாகிட்ட என்ன ரோஷம்?"

"அவருக்குப் பல்லக்கு இருக்கு மாமி. எனக்கு முட்டி வலி இருக்கு" என்றாள் சின்னம்மா. மாமி சிரித்துவிட்டாள்.

நான் எழுந்து சஹனைத் துடைத்தேன். "இது ஒண்ணாவது ஒழுகாம இருக்கே" என்று சும்மாதான் சொன்னேன்.

"ஏன், மத்ததுக்கு என்ன?"

"ஓட்டை. நடுவுல டிரில் போட்டு சுவத்துல முடுக்கிட்டாங்க."

"எத?"

"எல்லாத்தையும்."

சின்னம்மா எழுந்து உள்ளே போய் வெள்ளைத் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். குழாயில் ஒரு பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்தாள். "வண்டியக் கூப்புடு."

"வரீங்களா?"

"சோறு திங்க இல்ல. எவன் ஓட்டை போட்டான்னு பாக்கணும்." பாட்டிலைத் தட்டிக் காட்டினாள். "அங்க தண்ணி குடிக்க மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான்."

இரண்டு வீட்டுக் குழாயிலும் வருவது ஒரே காவிரி என்று நான் சொல்லவில்லை. நல்ல சமாதானப் பேச்சுகளால் நடக்காததை ஒரு டிரில் மிஷின் நடத்தியிருந்தது, அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. மாமி ஜன்னலில் நின்று கையசைத்தாள். ஆட்டோவில் சின்னம்மா சஹனை ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டு பாலம் முழுக்க இம்தியாஸைத் திட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு இந்தப் பயணத்தில் முதல்முறையாகச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்குள் வெளிர் நிறத்தில் உறவுக்கூட்டம் நிறைந்திருந்தது. சின்னம்மா சலாம் சொன்னவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே நேராக நடைக்குப் போனாள். அங்கே இறக்கிய சஹன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். இம்தியாஸ் ஓடி வந்தான். சின்னம்மா ஒரு சஹனை முகத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டை வழியாக அவனைப் பார்த்தாள்.

"இதுல பாத்தாத்தான்டா நீ உன் அளவுக்குத் தெரியுற."

"சின்னம்மா, பழசு, யாரும் இப்ப பயன்படுத்துறது இல்லன்னுதான்..."

"நானும் பழசுதான். என்னைய எந்தச் சுவத்துல முடுக்கப் போற?"

இம்தியாஸ் கையில் இருந்த ஃபோனைப் பார்த்தான். பெரியம்மா தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தங்கை அவளைப் பார்த்தாள், அவள் தரையைப் பார்த்தாள். அதற்குள் ஹஜ்ரத் வந்துவிட்டார் என்று குரல் வந்தது. ஓத ஆரம்பித்ததும் எல்லோரும் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்தோம்.

சாப்பாடு நேரத்தில் ஆண்களுக்கு முன்கட்டில் ஸ்டீல் சஹன் போனது. பெண்களுக்கு உள்கட்டில் பாய் விரித்தார்கள். சின்னம்மா அங்கே உட்காரவில்லை. தன் சஹனைத் தூக்கிக்கொண்டு கேலரிக்குப் போய், தராசைக் காலால் ஒதுக்கிவிட்டு, கட்டில் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். "நசீமா, இங்க போடச் சொல்லு" என்றாள் என்னிடம். சோறு வந்தது. பெரியம்மா வாசலில் வந்து நின்றாள். யாரும் வா என்று சொல்லவில்லை. அவளாக வந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். நானும் ஒரு பக்கம் உட்கார்ந்தேன்.

அம்மா இருந்தவரை அந்த மூவரும் ஒரே சஹனில்தான் உட்காருவார்கள். லீவுக்கு வந்தால் நாலாவது ஆள் நான். இப்போது பிஸ்மி சொல்லிக் கைவைத்த பிறகு, நெய்ச்சோற்றின் நாலு பக்கத்தில் மூன்று பக்கம்தான் குறைந்தது. அம்மாவின் பக்கத்துச் சோறு அப்படியே நின்றது. அதைப் பார்க்க முடியாமல் நான் தால்ச்சாவில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

நடுவில் நல்லி எலும்போடு ஒரு பெரிய கறித்துண்டு கிடந்தது. பெரியம்மா அதை ஒரு விரலால் தங்கை பக்கம் நகர்த்தினாள். சின்னம்மா திரும்ப நகர்த்தினாள். அது மறுபடி வந்தது, மறுபடி போனது. கறி சோற்றில் ஒரு வாய்க்காலே வெட்டிவிட்டது. மூன்றாவது தரம் பெரியம்மா அதைத் தள்ளவில்லை, கையில் எடுத்துத் தங்கையின் கைக்கு நேரே நீட்டிக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு வருஷமா கறி வாசம் இல்லாம இருந்தவ நீ. தின்னு மெகரு."

"யாராலயாம்?"

"என்னாலதான். நான் வாயத் தொறக்கல" என்றாள் பெரியம்மா. "தின்னு."

சின்னம்மா வாங்கித் தின்றாள். நன்றாகவே தின்றாள், எலும்பை சஹன் விளிம்பில் தட்டி மஜ்ஜை எடுத்து, வழித்து, நக்கி. நடுவில் விக்கல் எடுத்தபோது பெரியம்மாவின் கை சொம்புக்குப் போய்ப் பாதியில் நின்றது. சின்னம்மா தன் பாட்டிலைத் திறந்து ஸ்ரீரங்கத்துத் தண்ணீரைக் குடித்தாள். சோறு முடிவதற்குள் பாட்டில் காலியாகிவிட்டது.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், சின்னம்மா பாயை இழுத்துப்போட்டு அங்கேயே படுத்துவிட்டாள். துப்பட்டியால் முகத்தை மூடியிருந்தாள். தலைமாட்டில் பெரியம்மாவும், அவள் கொண்டுவந்து வைத்த தண்ணீர்ச் சொம்பும். சஹன் இறக்கிய வெற்றுச் சுவரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அத்தனை வெளிச்சமும் பாயில் வந்து விழுந்தது.

"இம்தியாசு! லைட்ட அணை. கண்ணு கூசுது" என்றாள் சின்னம்மா துப்பட்டிக்குள் இருந்து.

இம்தியாஸ் வந்தான். சுவரில் ஸ்விட்ச் கிடையாது. ஃபோனைத் தட்டினான், மேலும் கீழும் தேய்த்தான். "மழையில நெட் போயிருச்சு சின்னம்மா. நெட் வந்தாத்தான் அணையும்."

விளக்கை அணைக்க இணையம் வேண்டியிருக்கிற வீட்டை நான் அன்றுதான் பார்த்தேன். "மெயின அணைடா" என்றேன். "ஃபேன் நின்னுரும் ராத்தா. வந்தவங்க வேர்த்துருவாங்க." அவனுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. குரலைத் தாழ்த்தி, "அம்மா, சாயந்தரம் ரெண்டு பேரு ரூம் பாக்க வராங்க. சின்னம்மாவ மாடியில படுக்கச் சொல்லுங்களேன்" என்றான்.

பெரியம்மா மகனை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தங்கையை வெளியே அனுப்புகிற இதே மாதிரிப் பேச்சைத்தான் அவள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"பல்பக் கழட்டு" என்றாள்.

"அம்மா, அது இத்தாலி ஃபிட்டிங். கழட்டுனா..."

"கழட்டுப்பா. தங்கச்சி தூங்கணும். அவ ரூம்பு இது."

இம்தியாஸ் என்னைப் பார்த்தான். நான் முக்காலியை நகர்த்திக் கொடுத்தேன். வெளிர் நிறச் சட்டையோடு ஏறி, சூட்டுக்குக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு பல்பாகத் திருகி எடுத்தான். அறை கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டு வந்தது. கடைசி பல்பில் அவன் கைவைத்தபோது சின்னம்மா முகத்தில் இருந்து துப்பட்டியை விலக்கினாள்.

"அது ஒண்ணு இருக்கட்டும்டா. ராத்திரி எந்திரிச்சா வழி தெரியணும்ல."